ஆல்பேட்டையில் பை சோதனை

"மின்னூலுக்குப் பூட்டுப் போட்டுடலாமா?"
தேசிங்கு போனில் கேட்டபோது
பேருந்து பெண்ணையாற்றுப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது.
"ஒரு கட்டத்துல டிக் அடிக்கணும், அவ்வளவுதான்.
அடிச்சா அடிச்சதுதான், பிறகு கழட்ட முடியாது."
சாவடி தாண்டிச் சொல்கிறேன் என்றேன்.

ஏறினார்கள் இரண்டு காவலர்கள்.
புதுச்சேரியிலிருந்து வருகிற எல்லாப் பைக்கும்
ஒரே வயிற்றுவலி என்பதுபோல்
அமுக்கி அமுக்கிப் பார்த்தார்கள்.
முன்சீட்டுக்காரர் பையில் டங் என்றது ஒன்று.
திறந்தால் எலுமிச்சை ஊறுகாய்.
முகர்ந்துவிட்டுத்தான் மூடினார்கள்.

ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில்,
முழங்கால் தண்ணீரில் ஒருவன்
முதுகு மூட்டையோடு ஆற்றைக் கடந்துகொண்டிருந்தான்.
மீனாகவும் இருக்கலாம்.

போன நாவலுக்குப் பூட்டியிருந்தோம்.
நாலாம் நாள் ஆபீஸ் வாட்ஸாப் குழுவில்
அக்கவுண்டன்ட் அன்வர்தீன் அனுப்பினார்:
"அருமையான நாவல், அவசியம் படியுங்கள்."
எழுதியவள் எதிர்மேசையில் இருப்பது
அவருக்குத் தோன்றவே இல்லை.

பூட்டை யாரும் உடைக்கவில்லை.
அச்சுப் புத்தகத்தை மடியில் விரித்து
பக்கம் பக்கமாய்ப் படமெடுத்திருக்கிறாள் யாரோ.
முந்நூற்று இருபத்தாறு பக்கம்.
முந்நூற்றுப் பதிமூன்றில் மட்டும் அவள் கட்டைவிரல்,
நகத்தில் பாதி உதிர்ந்த மருதாணி.
கோபம் வந்தது. வராமல் என்ன.
அந்த வருட ராயல்டி
இரண்டாயிரத்து நானூற்றுப் பத்து ரூபாய்.
கடைவாய்ப் பல்லின் வேர் சிகிச்சையில்
பாதி முடிந்தது அதில்.

அதே மாதம் எழுதியிருந்தார்
வில்லியனூர் ஜெசிந்தா, செவிலியர்.
காசு கொடுத்து வாங்கி
இரவுப் பணியில் சொட்டுமருந்துக்கு நடுவே படித்தவர்.
போன் வாளியில் விழுந்து புதுப்போன் வந்ததும்
புத்தகம் அவரை யாரென்று கேட்டிருக்கிறது.
பூட்டுக்குச் செத்த போனின் முகம்தான் தெரியும்.
"கடைசி அத்தியாயம் பாக்கி.
பவுனம்பாள் படகை விற்றாளா?
அதை மட்டும் சொல்லிவிடுங்கள் மேடம்."

கம்பெனிக்கு எழுதினால்
உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்றது.
என்னிடம் இருந்த கோப்போ
ஹார்ட் டிஸ்க்கோடு போய்ச் சேர்ந்திருந்தது.
அன்வர்தீன் அனுப்பியதைத்தான்
ஜெசிந்தாவுக்கு அனுப்பினேன்,
என் நாவலை நான் திருட்டில் வாங்கி.
படகைப் பற்றிய வரி
சரியாக அந்த மருதாணி நகத்துக்குக் கீழே இருந்தது.
தனியாக ஒரு தாளில் எழுதி, படமெடுத்து அனுப்பினேன்.
படத்தில் என் விரலும் விழுந்திருந்தது.

"இதுல என்னம்மா?"
என் பை முறை.
"புத்தகம். பத்துப் பிரதி."
"பில் இருக்கா?"
"நான் எழுதினது."
"எழுதினதுக்குப் பில் கிடையாதா?"
நடத்துநர் சிரித்தார், ஊறுகாய்க்காரரும்.
காவலர் ஒன்றை உருவி நடுவில் பிரித்தார்,
பாட்டில் நடுவிலும் இருக்கலாம் என்பதுபோல்.
அரைப்பக்கம் நகர்ந்தன கண்கள்.
ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.
கட்டைவிரலை இடையில் வைத்துக்கொண்டு
"இருய்யா" என்றார்.

சாவடி தாண்டியதும் தேசிங்குவைக் கூப்பிட்டேன்.
"அந்தக் கட்டத்தைச் சும்மா விடுங்க."
"திருடுவாங்கம்மா."
"திருடுறவங்க ஆத்துல போய்க்குவாங்க.
பஸ்ல வர்றவங்களை எதுக்கு இறக்கணும்?"
எதிர்முனையில் பெருமூச்சு.
அவருக்கும் கடை வாடகை இருக்கிறது, தெரியும்.
நான் சொன்னது சரிதானா என்று
எனக்கும் முழுசாகத் தெரியாது.

"விலையில மட்டும்
பத்து ரூபா ஏத்திக்குங்க" என்றேன்,
மஞ்சக்குப்பம் வருவதற்குள்,
நாக்கு தானாகப் போய்
அந்தப் பாதிப் பல்லைத் தொட.